உப்பளக் கரை உமரிச்செடி

காலை வெயிலில் மரக்காணம் உப்பளத்தின் வரப்பில் நிற்கிறேன். இங்குள்ள மாதா கோயிலுக்குப் போன வருடம் நான் போட்டுக் கொடுத்த தோட்டம் செத்துவிட்டது. மெட்ராஸிலிருந்து லாரியில் கொண்டுவந்த நெட்டிலிங்கமும் குரோட்டன்ஸும் புல்தரையும் ஒரே கோடையில் கருகிப்போயின. இந்த முறை நர்சரிப் பக்கமே போகவில்லை. இந்த உப்பு மண்ணில் தானாக நிற்பதை மட்டும்தான் நடுவேன்.

மரத்துக்குப் பூவரசு. மணல் பக்கத்துக்கு ராவணன்மீசைப் புல். இரண்டையும் முடிவு செய்தாகிவிட்டது. நடைபாதை ஓரத்துக்குத்தான் இன்னும் எதுவும் அமையவில்லை. வரப்பு நெடுகப் பச்சையும் சிவப்புமாக ஒரு குட்டைச் செடி கண்ணை இழுக்கிறது. குனிந்து ஒன்றை வேரோடு பிடுங்குகிறேன்.

பாத்தியில் உப்பு வாரும் பெண் கைப்பலகையை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்.

"இன்னாத்துக்குங்க உமரியப் புடுங்கறீங்க?"

"மாதா கோயில் தோட்டத்துல அழகுக்கு வைக்கப் போறேம்மா."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அழகுக்கா? அது நாங்க ஆக்கித் திங்கற கீரைங்க! ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் அத்தினி பொம்பளைங்களும் மடி நெறைய கிள்ளிக்கினு போயிடுவோம்."

"கிள்ளினா செத்துடுமா?"

"கிள்ளக் கிள்ளத்தாங்க தழையும்."

தோட்டத்தின் வரைபடத்தை வரப்பிலேயே விரிக்கிறேன். வாசலருகே 'செடிகளைப் பறிக்காதீர்கள்' என்ற போர்டுக்கு ஓர் இடம் விட்டிருக்கிறேன். அதை அடித்துவிட்டு, அங்கேயும் உமரி என்று எழுதுகிறேன்.