மூடிக்கிச்சா, பாரு

எல்லையை எங்கே போடுவது என்று பெரியவர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. ஆந்திரா தனியாகப் பிரிந்திருந்தது. புத்தூர் தமிழ்நாட்டுக்கே வேண்டும் என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். எனக்குப் பதினைந்து வயது, மூக்கு நுனியில் கோபம். திருப்பதியிலிருந்து வரும் பஸ் என்றால் உள்ளே இருப்பவர்கள் எல்லாம் தெலுங்குக்காரர்கள் என்று நானே முடிவுகட்டி, ஒருநாள் கல்லை விட்டேன். என்ன புத்தி அது, தூ!

மலையில் முடி கொடுத்துவிட்டுப் பிச்சாட்டூர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தமிழ் அக்காவின் மொட்டைத் தலையில், நடு உச்சியில் பட்டது. சந்தனத்தின் மேல் ரத்தம் வழிந்தது. ஐயோ, நம்ம ஆளாச்சே என்று பதறினேன். தெலுங்குக்காரியாக இருந்தால் மட்டும் மண்டை வலிக்காதா? அது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

போலீஸ் ஸ்டேஷனில் என் நைனா பிடரியில் ஒன்று வைத்தார். "நான்தான்" என்று ஒப்புக்கொண்டேன். சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்போவதாக எஸ்.ஐ. சொன்னார். தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா குறுக்கே பேசினாள்.

"கேசு வேணாம் சார். முடி மொளைச்சு காயம் மூடுற வரைக்கும் மாசா மாசம் எங்க ஊட்டுக்கு வரட்டும். இன்னா பண்ணான்னு அவனே பார்க்கட்டும்."

ஒரு மாதம் தவறினாலும் கேசு எழுதிவிடுவேன் என்று எஸ்.ஐ. மிரட்டி அனுப்பினார்.

போனேன். "வாடா, கல்லு!" என்று கேலியாகக் கூப்பிடுவாள். எப்போதும் போட்டிருக்கும் முக்காட்டை விலக்கிக் குனிந்து காட்டுவாள். பிறகு வேர்க்கடலை வறுத்துக் கொடுத்து, "துன்னுடா, எளைச்சிப்போய்க்கிறே" என்பாள். நான் தலை நிமிராமல் தின்பேன்.

ஐந்தாம் மாதம் சுற்றிலும் முடி அடர்ந்துவிட்டது. தழும்பில் மட்டும் ஒன்றுமில்லை. புளியங்கொட்டை அளவுக்கு வழவழவென்று இருந்தது. இனி அங்கே முளைக்காது என்று பார்த்ததும் தெரிந்தது. அப்படியென்றால் ஆயுசுக்கும் வரவேண்டுமா நான்?

"மூடிக்கிச்சா, பாரு" என்றாள். "கை வெச்சிப் பார்க்க எனக்கு பயமாகீது. ஊட்டுக்காரரு மூடிக்கிச்சுன்றாரு. என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்றாரோ என்னமோ. நீ சொன்னா நம்புவேன். பண்ணத ஒத்துக்கினவன் நீ."

"மூடிக்கிச்சுக்கா" என்றேன்.

"அப்பாடா!" என்று நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே நீ வர வேணாம். எம்மனசுல ஒண்ணும் இல்ல, நல்லா படி."

அன்றைக்கு என்னை வழியனுப்ப பஸ் நிற்கும் இடம்வரை வந்தாள். முக்காட்டை எடுத்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் தலையோடு, தெரு முழுக்கப் பேசிக்கொண்டே நடந்தாள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் அவள் உச்சியைப் பார்த்தார்கள். நான் பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.