ஒயர் இல்லாத பட்டன்

போன சனிக்கிழமை 'டத்தோ' பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் மேடையேறி, பெரிய சிவப்புப் பட்டன் ஒன்றை அழுத்தினார். திரை பளிச்சென்று எரிந்தது. இசை முழங்கியது. இரண்டு பக்கமும் புகை கிளம்பியது. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டினோம்.

அந்தப் பட்டனுக்கு ஒயரே கிடையாது!

எங்கே நடந்தது தெரியுமா? ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளியில். மின்சாரத்தையும் ஒயரையும் நான்கு வருடம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் அவர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடுவீர்கள்.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும் – கோபம் வந்தால் எனக்கு வாக்கியம் சின்னதாகிவிடும். இந்த வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அங்கே மாணவர்கள் நடத்தும் 'பொறியியல் தினம்'. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு: 'ஆபரேட்டர் சொல்வதைக் கேளுங்கள்'. நேரம் இருபது நிமிடம். தண்ணீர்மலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் கொண்டுபோய் விட்ட கணவர், இறங்கும்போது கேட்டார்.

"உன் வாய்க்கு இருபது நிமிஷம் எந்த மூலைக்கு?"

முறைத்துவிட்டு இறங்கினேன். அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது மணிக்குத் தொடக்கம் என்று அழைப்பிதழில் இருந்தது. எட்டரைக்கே மாணவர்களை உள்ளே அடைத்துவிட்டார்கள். வாசலில் கியூஆர் கோடு. நுழையும்போது ஒரு ஸ்கேன், முடியும்போது ஒரு ஸ்கேன். இரண்டும் செய்தால்தான் மெரிட் புள்ளி. புள்ளி குறைந்தால் அடுத்த வருடம் ஹாஸ்டலில் அறை கிடைப்பது கஷ்டம். அறிவை வளர்க்க வந்த கூட்டம் என்று நான் நினைத்ததில் பாதிக்குப் பாதி, படுக்க இடம் தேடி வந்த கூட்டம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. டத்தோ வரவில்லை. டத்தோ வராமல் ஒரு மைக்கைக்கூடத் தொடக்கூடாதாம்.

முன்வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கடைசி வருட மாணவி. தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். மடியில் மூன்று அட்டைகள் – '5 நிமிடம்', '2 நிமிடம்', 'நிறுத்தவும்'. பேச்சாளர்களுக்கு நேரம் காட்டுவது அவள் வேலை.

"மேடம், உங்களுக்கு அப்புறம் என்னோட டெமோ. பத்து நிமிஷம்," என்றாள். குரலில் அப்படி ஒரு படபடப்பு.

"என்ன செஞ்சிருக்கே?"

சொன்னாள். அவளுடைய அம்மா புக்கிட் தெங்காவில் ஒரு சின்னக் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், ஆபரேட்டர். பெரிய கம்பெனிகளில் இதற்கெல்லாம் மெஷின் இருக்கிறது. அங்கே இல்லை. சர்க்யூட் போர்டைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, சால்டர் ஈயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு புள்ளியாகக் குனிந்து பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.

"அம்மாவுக்கு இப்போ கழுத்து திரும்ப மாட்டேங்குது மேடம். யாராச்சும் கூப்டா ஒடம்போட திரும்புது. அதுக்குத்தான் இது. கேமரா மேல இருந்து பாக்கும், திரையில பெருசா தெரியும். நிமிந்து ஒக்காந்தே செக் பண்ணலாம்."

பிறகு கண்ணாலேயே மூன்றாவது வரிசையைக் காட்டினாள்.

"அங்க நீலச் சட்டை... அவருதான் நாதன் சார். அம்மா வேல செய்ற கிலாங்குல எஞ்சினியர். இண்டஸ்ட்ரி கெஸ்ட்டா வந்திருக்காரு. அவரு ஒரு தடவ பாத்தா போதும்."

"அம்மாவே அவர்கிட்ட சொல்லலாமே?"

"ஐயோ, அது பயப்படுது மேடம். வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். கழுத்து வலின்னு தெரிஞ்சா நிப்பாட்டிருவாங்களாம். என் பேர எங்கயும் இழுக்காதடின்னு சொல்லிருச்சு. அதான்... ஸ்டூடண்ட் ப்ராஜெக்டா அவரு பாத்தா பிரச்சன இல்லதானே?"

பிரச்சினை இல்லைதான். நல்ல யோசனைதான். அதற்கு வேண்டியதெல்லாம் பத்து நிமிடம்.

பத்தேகாலுக்கு டத்தோ வந்தார். மன்னிப்பு? அந்த வார்த்தையை நான் கேட்கவில்லை. அறிவிப்பாளர் பிரமுகர்களின் பட்டங்களையும் பெயர்களையும் வரிசையாக வாசித்தார். டத்தோ பேசும்போது அதே பட்டியலை மறுபடி வாசித்தார். பள்ளியின் தலைவர் மூன்றாவது தடவை வாசித்தார். பிறகு ஒரு வீடியோ. பிறகு அந்தப் பட்டன்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. டத்தோ கையை உயர்த்தி, கேமராவுக்காக ஒரு நொடி நிறுத்திச் சிரித்தார். கை இறங்குவதற்குள் திரை எரிந்துவிட்டது! அவர் அதற்குப் பிறகுதான் அழுத்தினார். யாராவது சிரித்தார்களா? இல்லை. ஒரு மண்டபம் நிறைய எதிர்காலப் பொறியாளர்கள், விளக்கு எரிந்த பிறகு சுவிட்சைத் தட்டியவருக்குக் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அப்புறம் போட்டோ. டத்தோவோடு ஒன்று, பேனரோடு ஒன்று, கட்டை விரலைத் தூக்கி ஒன்று, "ஃப்ரீ ஸ்டைல்" என்று ஒன்று. நான் மேடையேறும்போது மணி பதினொன்றேகால்.

இனி எழுதப்போவது எனக்குப் பிடிக்காத பகுதி.

நன்றாகப் பேசினேன். அதுதான் பிரச்சினை. முதல் ஜோக்குக்கே மண்டபம் குலுங்கியது. தூங்கி வழிந்த பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உற்பத்தி லைனில் நிற்கிற பெண்களுக்குத் தெரிந்தது, ஏசி அறையில் இருக்கிற எஞ்சினியருக்குத் தெரியாது என்று உதாரணம் உதாரணமாக அள்ளிவிட்டேன். தர்ஷினி முதல் அட்டையைக் காட்டினாள். தலையாட்டினேன். இரண்டாவது அட்டையைக் காட்டினாள். பார்த்தேன். 'நிறுத்தவும்' என்ற அட்டையைத் தூக்கினாள்.

அவளைப் பார்த்துச் சிரித்தேன். "இன்னும் ரெண்டே நிமிஷம்லா!" என்று மைக்கிலேயே சொன்னேன். அதற்கும் கைதட்டல்.

அவள் அட்டையைக் கீழே இறக்கவில்லை. நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடியே நின்றாள். நான் இன்னும் இரண்டு கதை சொன்னேன். இறங்கும்போது மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருந்தது. இருபது நிமிடப் பேச்சு, முப்பத்தைந்து நிமிடம்.

டத்தோவுக்கு அடுத்த நிகழ்ச்சி இருந்தது. டத்தோ எழுந்தார். அவரோடு முன்வரிசை எழுந்தது. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "நேரமின்மை காரணமாக மாணவர் டெமோ ரத்து செய்யப்படுகிறது" என்று இனிமையாகச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் இரண்டாவது கியூஆர் கோடு வந்துவிட்டது. போன்கள் உயர்ந்தன. மூன்றே நிமிடத்தில் மண்டபம் காலி.

நீலச் சட்டைக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், டாக் சூப்பர். ஆபரேட்டர் பேச்ச கேக்கணும்னு சொன்னீங்க பாருங்க, நூத்துக்கு நூறு உண்மலா. என் வைஃப் உங்க பத்திய ஒரு வாரம்கூட விடமாட்டா. சரி, வர்றேன்... இப்ப கெளம்பலன்னா பாலத்துல ஜேம் ஆயிரும்."

"ஒரு பொண்ணு டெமோ வச்சிருக்கு. பத்து நிமிஷம்தான்..."

"இமெயில் அனுப்பச் சொல்லுங்க மேடம்," என்றவர் முகவரி சொல்லாமலே போய்விட்டார். ஆபரேட்டர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று என்னோடு முழு மனதாக ஒத்துப்போன மனிதர் அவர்.

நிகழ்ச்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரைத் தேடிப் போனேன். விஐபிகளுக்கென்று தனி அறையில் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நம் ஆள்தான், தமிழர். அதனால் எனக்குக் கோபம் கூடுதலாக ஏறியது.

"அந்தப் பொண்ணோட டெமோவ ஏன் எடுத்துட்டீங்க?"

"என்ன மேடம் செய்றது, டைம் இல்ல. சர்ட்டிபிகேட் கண்டிப்பா குடுத்துருவோம். அடுத்த வருஷம் மொத ஸ்லாட் அவளுக்குத்தான்."

"அடுத்த வருஷம் அவ படிச்சு முடிச்சிருப்பாளே?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஜூனியர் யாராச்சும் செய்யட்டும்லா. சாப்டுங்க மேடம், ஆறிடப் போவுது."

நான் சாப்பிடவில்லை. திரும்பி மண்டபத்துக்கு வந்தால், தர்ஷினி மேடையில் மண்டியிட்டு அந்தச் சிவப்புப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெட்டியின் பின்பக்கம் திறந்து கிடந்தது. உள்ளே வெறும் பலகை.

"இதுல ஒயரே இல்லையே?"

"டம்மி மேடம். நான்தான் செஞ்சேன். மொதல்ல ஒயரோடதான் செஞ்சேன், ஐம்பது தடவ டெஸ்ட் பண்ணேன், எல்லாம் ஓகே. ஆனா போன வருஷம் யாரோ செஞ்சது எரியலயாம், விஐபி முன்னாடி மானம் போச்சாம். ரிஸ்க் வேணாம், ஒயர வெட்டுன்னு சொல்லிட்டாங்க. திரைக்குப் பின்னால ஒருத்தி லேப்டாப்போட ஒக்காந்து வீடியோவ ஓட்டுனா."

"நீ ஒண்ணும் கேக்கலயா?"

"கேட்டா டெமோவுக்கு ஸ்லாட் குடுக்க மாட்டாங்களோன்னு பயந்துட்டேன் மேடம்."

எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. பொறியாளர்களை உருவாக்குகிறோம் என்கிறீர்கள். உங்கள் மாணவி செய்த ஒரு சுவிட்சை நம்ப உங்களுக்குத் தைரியம் இல்லை! ஒன்று எரியாமல் போனால் என்ன? ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிப்பதற்குத்தானே அந்தக் கட்டடத்தையே கட்டியிருக்கிறீர்கள்? எரியாத விளக்கை மன்னிக்க மாட்டீர்கள். ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக வந்தவருக்கு மாலை போடுவீர்கள்.

சரி, டத்தோ ஒன்றேகால் மணி நேரத்தைத் தின்றார். அப்படியும் அவள் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நான் மேடையேறும்வரை இருந்தது. நான் இறங்கும்போது இல்லை. எல்லாம் தெரிந்த நான், அவள் வாயாலேயே கேட்ட நான், கைதட்டலுக்காக அவள் நேரத்தைத் தின்றேன். அவளையே எதிரில் நிறுத்தி வைத்து, அவள் பிடித்த அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தின்றேன். டத்தோவுக்காவது அவள் யார் என்று தெரியாது.

"எனக்குக் காட்டு," என்றேன்.

காலியான மண்டபத்தில் காட்டினாள். ஷூ பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. மேலே கேமராவும் விளக்கும், பக்கத்தில் சின்னத் திரை. போர்டை வைத்து ஒரு பச்சைப் பட்டனை அழுத்தினாள். சால்டர் புள்ளிகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தன. பிசகிய இடத்தில் ஒரு சிவப்பு வட்டம். பழைய டெஸ்டிங் புத்தி, விடுமா? "போர்டு பளபளன்னு இருந்தா வெளிச்சம் தெறிச்சு கேமராவுக்குக் கூசுமே?" என்றேன். வெளிச்சத்தை மட்டுப்படுத்த விளக்குக்கு அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கைக் காட்டினாள். ஐஸ்கிரீம் டப்பா மூடி! அதற்குமேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தமே ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்து, அவளிடமும் அவள் மூலம் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். ஆனால் அந்த நீலச் சட்டைக்காரரின் மனைவி இந்தப் பத்தியை ஒரு வாரம்கூட விடுவதில்லையாம். அம்மணி, தயவுசெய்து இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

என் இடத்தில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன. அவை என்னுடையவை அல்ல. தர்ஷினி வாய்ஸ் மெசேஜில் சொன்னதை அப்படியே போட்டு, நான் நிறுத்திக்கொள்கிறேன்.

"வணக்கம் சார். அன்னிக்கு அட்ட புடிச்சிக்கிட்டு நின்ன பொண்ணு நான்தான். இந்த பெட்டி இருந்தா குனிஞ்சி பாக்க வேணாம் சார், திரையப் பாத்தா போதும். சில நேரம் வட்டத்த தப்பான எடத்துல போடும், அத மறைக்க மாட்டேன், சரி பண்ணிக்கிட்டிருக்கேன். பாக்க ஆறு நிமிஷம் போதும். எப்போ வரச் சொன்னாலும் புக்கிட் தெங்காவுக்கு நானே தூக்கிட்டு வர்றேன். ஒரே ஒரு பச்சப் பட்டன்தான் சார். நீங்களே அமுக்கிப் பாருங்க. ஒயர் இருக்கு."