யாரும் இறங்காத குழி

பீரோச் சாவி எங்கே என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எங்கே என்று கேட்டால் யோசிக்க மாட்டேன். அடுப்படி ஜன்னலோரம், தீப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போவேன். முதலில் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வேன். தரையோடு தரையாக இருக்கும் வட்ட மூடியின் ஆறு போல்ட்டுகளையும் கழற்றி, மூடியைத் தள்ளிவிட்டு, காற்று வருகிற பக்கமாகப் பத்து நிமிடம் ஒதுங்கி நிற்பேன். பிறகு கையை மட்டும் நீட்டி, மூடிக்கு அடியிலேயே கொக்கியில் கிடக்கும் சங்கிலியைப் பிடித்து இழுத்தால், குழிக்குள் இருக்கும் மோட்டார் இரண்டு குழாய்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு மேலே வரும். அரிசிச் சிப்பத்தில் பாதிக் கனம். அதில் ஒட்டிய கழிவைக் கழுவிவிட்டுத் திரும்ப இறக்குவேன். ஐம்பத்திரண்டு வயதில், சர்க்கரையும் முழங்கால் வலியுமாக இருக்கிறவளுக்கு இதைக் கட்டிவைத்துவிட்டுப் போனவர் என் கொழுந்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி. வீட்டுக்காரரைக் கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். அவருக்கு மூக்கு ரொம்ப நன்றாக வேலை செய்யும். முதல் ஞாயிறு என்றால் காப்பி குடிக்காமலேயே கடைத்தெருவுக்குப் போய்விடுவார்.

எங்கள் வீடு அருப்புக்கோட்டையில் ஒரு பழைய தெருவில் இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வீட்டுக்குள் வந்தேன். சாலை போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுப் போட்டு, இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வருகிறேன். வீடு அப்படியேதான் இருக்கிறது, ஊர்தான் உயர்ந்துவிட்டது. வருடத்தில் பத்து மாதம் மண்டை காய்கிற இந்த ஊரில், மீதி இரண்டு மாதம் பெய்கிற மழையெல்லாம் எங்கள் பின்வாசலைத் தேடி வரும். அங்கிருந்த பழைய கழிவுத்தொட்டி நிரம்பி, கக்கூஸ் வழியாகவே வீட்டுக்குள் திரும்பி வரும். அதை அள்ளிக் கொட்டிக் கழுவிவிட்டு, குளித்து, பாலவனத்தம் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தியிருக்கிறேன். எத்தனை மழைக்காலம் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அழுதிருப்பேன்.

கொழுந்தனார் பதினோரு வருடம் வெளிநாட்டில் பெரிய கட்டிடங்களில் மோட்டார், குழாய் வேலை பார்த்தவர். அறையில் கூட இருந்த காரியாபட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் வேலையில் இறந்துபோக, அவன் உடலோடு ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. என்ன நடந்தது என்று கேட்டதற்கு ஆக்சிடென்ட் என்றார். அதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. வந்த புதிதில் வீட்டில் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். நான் வாளியும் துடைப்பமுமாகப் படுகிற பாட்டை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, இதற்கு ஒரு வழி பண்ணுகிறேன் மதினி என்றார். தெருவை ஒட்டி மேட்டில் புதுத்தொட்டி கட்டுவது, பின்வாசல் பள்ளத்தில் சின்னதாக ஒரு குழி வைத்து, அதில் சேர்வதை மோட்டார் போட்டு மேலே ஏற்றுவது. கேட்டபோது எனக்கு யாரோ தலையிலிருந்து சுமையை இறக்கியது போல இருந்தது.

என் மாமனாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. புதிதாக எதற்கு ஒரு குழி தோண்ட வேண்டும், பழைய தொட்டியையே சுத்தம் செய்து அதற்குள் மோட்டாரை வைக்கலாமே என்பது மட்டும்தான் அவர் யோசனை. மாமனாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். திருச்சுழி போகிற வழியில் நிலமும் கிணறுமாக வாழ்ந்தவர். நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் தூர் வார ஆள் இறக்குவதற்கு முன், அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, இறங்கக்கூடாது. நின்று எரிந்தால் இறங்கலாம். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு கிணற்றில் விளக்கு பாதியில் அணைந்துவிட, இறங்கப் போன இரண்டு பேரை அவர் தடுத்து நிறுத்தியதை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். கொழுந்தனார் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கயிற்றைப் பிடித்து நின்றவர்தான்.

வேலை தொடங்கிய அன்று காலையில் லாரி வந்து பழைய தொட்டியை உறிஞ்சிவிட்டுப் போனது. அடியில் முழங்கால் அளவுக்குச் சேறு மிஞ்சியிருந்தது. அதை வாருவதற்கு மாமனார் ஓர் ஆளை வரச் சொல்லியிருந்தார். இந்த மாதிரி வேலைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஏன் அவரை மட்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. இத்தனை படித்த நானும் கேட்டதில்லை. அவர் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மாமனார் அரிக்கேனை உள்ளே இறக்கினார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்த கொழுந்தனார் அந்த நேரத்தில்தான் உள்ளே வந்தார்.

"நின்னு எரியுது. எறங்கலாம்" என்றார் மாமனார்.

கொழுந்தனார் ஓடிவந்து அந்த ஆளின் இடுப்புக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுத்ததில் அவர் மண்ணில் உட்கார்ந்தே விட்டார். பிறகு அப்பாவின் கையிலிருந்து விளக்கைப் பறித்துத் தூரமாகக் கொண்டுபோய் அணைத்தார். எங்கள் வீட்டில் மாமனார் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பைக்கூட யாரும் பிடுங்கியதில்லை. இது கிணறு இல்லை, இந்தக் காற்று தீப்பற்றிக்கொண்டாலும் பற்றிக்கொள்ளும் என்று கொழுந்தனார் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஆனால் அடுத்துச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"வெளக்குக்குக் காத்து இருந்தாப் போதும்யா. வெசம் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது."

"எத்தன கெணத்துல எறங்குனவன் நான். எனக்கு நீ சொல்லித் தாரியாலே?"

கொழுந்தனார் திரும்பி நடந்தார். வெளியே போய், முன்பக்கத் தொட்டி வேலைக்காகத் தெருவில் கொட்டிக் கிடந்த கிராவலைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து பழைய தொட்டிக்குள் கொட்ட ஆரம்பித்தார். மத்தியானம் வரை ஒற்றை ஆளாகச் சுமந்தார். இனி யார் நினைத்தாலும் அதற்குள் இறங்க முடியாது என்று ஆன பிறகுதான் தண்ணீர் குடித்தார். வந்த ஆளோ, ஒரு நாள் பிழைப்பில் மண்ணைப் போட்டதாக ஏசிவிட்டுப் போனார். சுற்றி நின்றவர்கள், வெளிநாடு போய்வந்தவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லிக் கலைந்தார்கள். மாமனார் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்றோடு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. ஒரே வீடு, ஒரே உலை, பேச்சு மட்டும் என் வழியாக. சாப்பிடச் சொல்லு அவனை. மாத்திரை வாங்கணுமான்னு அய்யாகிட்டக் கேளுங்க மதினி. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அடுப்படியில் இருக்கிற என்னைக் கூப்பிட்டு ஒருவருக்கொருவர் சேதி சொல்வார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்குப் பழமொழி இல்லை, ஏழு வருடப் பிழைப்பு. சில நாள் இரண்டு பேரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டு என் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்று தோன்றும்.

குழி வேலை தொடர்ந்தது. பழைய தொட்டியிலிருந்து தள்ளி, புது மண்ணில் ஐந்தடி தோண்டினார்கள். பக்க மண் சரியாமல் பலகை அடித்து முட்டுக் கொடுத்த பிறகே கொழுந்தனார் ஆளை உள்ளே விட்டார். சிமெண்ட் உறை இறக்கினால் கசியும் என்று, கெட்டியான பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வைத்து அதன் அடியைச் சுற்றிக் காங்கிரீட் போட்டார். மழையில் நிலத்தடி நீர் ஏறினால் காலித் தொட்டி மேலே மிதந்துவிடுமாம். தண்ணீருக்கு நாய் படாத பாடு படுகிற ஊரில் தொட்டி மிதக்கப் போகிறதாம் என்று தெருவே சிரித்தது. அந்த ஐப்பசியில் பின்வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றபோது தொட்டி அசையவில்லை, அதை யாரும் வந்து பார்க்கவும் இல்லை. ஏற்றிய கழிவு திரும்பி இறங்காமல் ஒரு வால்வு, காற்றுப் போக மொட்டை மாடிக்கு மேல் வரை ஒரு குழாய், மோட்டார் நின்றுபோனால் அலற ஒரு மணி, கரண்ட் கசிந்தால் அந்த நொடியே வெட்டிவிட ஒரு டிரிப்பர். எல்லாவற்றையும்விட அந்தச் சங்கிலிக்குத்தான் அதிகம் மெனக்கெட்டார். மோட்டார் எப்படிக் கெட்டாலும் மேலே நின்றபடியே அதைத் தூக்கிவிட வேண்டும். ஆள் இறங்கித்தான் சரி பண்ண வேண்டும் என்றால் அந்தக் குழியைக் கட்டியதே தப்பு என்பார்.

எல்லாம் முடிந்த அன்று குழிக்குள் வாளி வாளியாக நல்ல தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். உள்ளே மிதவை மேலே எழும்பியதும் மோட்டார் தானாக ஓடி, தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிவிட்டு நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. இனி அள்ள வேண்டாம் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. ஏதோ ஒரு வேகத்தில், இவ்வளவு நல்ல காரியம் பண்ணியிருக்கிறீர்கள், அய்யாவிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடக் கூடாதா, பெரியவர்தானே என்றேன். அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"அங்கயும் வெளக்கு நின்னுதான் எரிஞ்சுச்சு மதினி. மெழுகுவத்திய டப்பாவுல வச்சு எறக்குனவன் நான். எங்க ஊருல இப்படித்தான் பாப்போம், தைரியமா எறங்குடான்னு சொன்னவனும் நான்."

அந்தக் காரியாபட்டிப் பையன் அங்கிருந்த கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி, மூன்றாவது படியில் கால் வைத்ததும் விழுந்தானாம். பின்னாலேயே குதிக்கப் போன இவரை யாரோ சட்டையைப் பிடித்துத் தொங்கி நிறுத்தியிருக்கிறார்கள். உடலைக் கொண்டுவந்து கொடுத்தபோது, பையனின் அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, கூடவே இருந்து கொண்டுவந்து சேர்த்தியேய்யா என்று கும்பிட்டாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. பிறகு, "அய்யாகிட்டச் சொல்லிராதீக. அவுக சொல்லிக் குடுத்தது. தாங்க மாட்டாக" என்றார்.

இரண்டு பேருக்கும் நடுவே அத்தனை சேதி சுமந்த நான் அந்த ஒன்றை மட்டும் கொண்டுபோகவில்லை. மகன் தன்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டான் என்று மாமனார் என்னிடம் புலம்பும்போதெல்லாம் அது நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், விருதுநகரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே கொழுந்தனாரின் மூச்சு நின்றுவிட்டது. ஐம்பது ஆகவில்லை. அன்றும் மாமனார் என்னைக் கூப்பிட்டு, அவன் சட்டைப் பையில் கண்ணாடி இருக்கும், எடுத்து வை தாயி என்றார். மகனிடம் நேராக ஒரு சொல் பேசவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் பின்தெரு வீட்டுக்காரர் வந்தார். அவர்கள் வீட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டதாம், லாரி வந்து உறிஞ்சிவிட்டதாம், ஆளும் வந்துவிட்டாராம். பெரியவர் ஒரு தடவை விளக்கை விட்டுப் பார்த்துச் சொன்னால் நிம்மதியாக இருக்கும் என்றார். எண்பத்து நாலு வயது மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தனை வருடம் கழித்து அவரைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார். அரிக்கேனைத் துடைத்துத் தா என்று என்னிடம் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். சொன்னால் இந்த மனிதர் உடைந்துபோவார், சொல்லாவிட்டால் அங்கே ஒருவர் செத்துப்போவார். வந்தவரை, யாரையும் இறக்காதீர்கள், நாங்கள் வருகிறோம் என்று அனுப்பிவிட்டு, மாமனார் எதிரே தரையில் உட்கார்ந்தேன். கொடுத்த வாக்கை உடைப்பதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

"மாமா, வெளிநாட்டுல செத்த அந்தப் பையன குழிக்குள்ள எறங்கச் சொன்னது நம்ம தம்பிதான். வெளக்க எறக்கிப் பாத்து, நின்னு எரிஞ்ச பெறகுதான் சொல்லிருக்கு."

அவர் என்னையே பார்த்தார். காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை சொன்னேன். கேட்டிருந்தது. கை இரண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கிட்ட அவன் ஏன் சொல்லல?"

நீங்கள் தாங்க மாட்டீர்கள் என்றுதான் என்றேன். அவர் எழுந்தார். சட்டையை எடுத்துக்கொடு என்று சொல்லிப் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி இரண்டு படி ஏறித் தெருவுக்கு வந்தார். நூறு அடி தூரத்துக்கு நான்கு இடத்தில் நின்றார். பின்தெரு வீட்டில் தொட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் இடுப்புக் கயிற்றோடு நின்றவர் அன்று எங்கள் வீட்டுக்கு வந்த அதே ஆள்தான், தலை மட்டும் முழுக்க நரைத்திருந்தது. விளக்கு எங்கே பெரியவரே என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். மாமனார் அந்த ஆளைப் பார்த்துக் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். விளக்கை நம்பி இதற்குள் யாரும் இறங்கக்கூடாது என்றார்.

பின்தெரு வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. காலமெல்லாம் விளக்கு வைத்துப் பார்த்தவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் புரியும். அப்படி யார் சொன்னது என்று கேட்டார்.

"எம் மகன் சொன்னான்" என்றார் மாமனார்.

அவர் தன் மகனின் சொல்லைத் தன் வாயால் எடுத்துச் சொன்னது அன்றுதான்.