எப்போ ஒண்ணு?

பேருந்தில் உட்கார்ந்ததும் செம்மொழி பயணச்சீட்டின் பின்புறத்தில் கட்டம் போடத் தொடங்கிவிடுவார். உள்ளே போகும் அம்பு இரண்டு, வெளியே வருவது ஒன்று. வலங்கைமான் தாண்டுவதற்குள் சீட்டு நிரம்பிவிடும், அப்புறம் உள்ளங்கை. பரிசோதகர் கேட்டால், "இந்தாங்க சார், படிக்கத்தான் முடியாது" என்று நீட்டுவார்.

கல்லூரியில் கணினி ஆசிரியை, வயது நாற்பத்தொன்று. பல வழிகளில் ஓடிவரும் தகவல்கள் ஒன்று சேரும் வலையில் எது முந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வலை 'இன்னது செய்யும்' என்று எப்படி வரையறுப்பது? இந்தக் கேள்விக்கு ஏழு வருடம் கொடுத்து முனைவர் ஆனவர். அந்த ஆய்வேட்டைப் படித்தவர்கள் மூன்றே பேர். "அதுல ஒருத்தரு பாதியில தூங்கிட்டாரு" என்பார்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. "எப்போ ஒண்ணு?" என்று பிடித்துக்கொள்வார்.

போன குறுவை அறுவடையின்போது, பக்கத்து வீட்டு அன்சார் தன் அரிசி ஆலைக்குப் புது மென்பொருள் வாங்கவிருந்தார். இரண்டு வாசலிலும் வந்து நிற்கும் நெல் லாரிகளை ஒரே வரிசையாக்கி அழைப்பது அதன் வேலை. ஒரு பார்வை பார்க்கச் சொல்லி செம்மொழியையும் கூப்பிட்டிருந்தார்.

கம்பெனி ஆள் தௌபீக் நூறு சோதனை ஓட்டிக் காட்டினார். பழையது எந்தெந்த வரிசையில் அழைக்குமோ, அதே வரிசைகளில்தான் புதியதும் அழைத்தது. "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"எல்லாத்துலயும் ரெண்டு வண்டி முன்னாடியே வந்து நிக்குதே. இங்க ரெண்டு வாசலுக்கும் ஒரே சந்து, அதுவும் குறுகல். மொத வண்டி உள்ள போனாத்தான் அடுத்தது வாசலுக்கே வர முடியும். ஒத்த வண்டிய வச்சுப் பாருங்க" என்றார் செம்மொழி.

நெல்லோடு ஒரு லாரி வந்து நின்றது. பழைய மென்பொருள் உடனே அழைத்தது. ஓட்டுநரைத் திரும்பச் சந்துக்குப் போய் வரச் சொல்லிப் புதியதை ஓட்டினார்கள். திரை வெறுமையாக இருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம்.

தௌபீக் நிரலைத் துழாவினார். "ரெண்டு வண்டி பதிவானாத்தான் மொத வண்டியக் கூப்பிடுது மேடம். மொத வண்டி உள்ள போகாம ரெண்டாவது வராது. இது கூப்பிடவே கூப்பிடாது."

"பழசே ஓடட்டும் தம்பி," என்ற அன்சார் செம்மொழி பக்கம் திரும்பினார். "இதைத்தான் ஏழு வருஷம் படிச்சீங்களா டீச்சர்?"

"இதத்தான் பாய்." இந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

வெளியே தூறல் விழுந்தது. ஆண்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மொழி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். விலகிக் கிடந்த தார்ப்பாயை இழுத்து நெல் மூட்டைகளின் மேல் போர்த்திவிட்டார்.