கஷாயத்துக்கு முன் ஒரு கரண்டி

செஞ்சிக் கோட்டை மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் தொடக்கப் பள்ளியில் மங்கையம்மாள் பன்னிரண்டு வருடமாக மதிய உணவு சமைக்கிறார். எங்கள் தெருக்காரர். அவர் கணவர் துரைராஜ் வாடகைக்கு மாட்டு வண்டி ஓட்டுகிறவர். வண்டிக்கு வேலை இருக்கும் நாளைவிட இல்லாத நாள்தான் அதிகம். அதனால் குடும்பம் மங்கையம்மாளின் கரண்டியை நம்பி இருந்தது. தலைமையாசிரியர் மேலதிகாரிக்கு ஒரு வரி எழுதினால் அந்தக் கரண்டியும் போய்விடும்.

போன வருடம், 1968 ஐப்பசியில், ஹாங்காங் காய்ச்சல் என்று பேப்பரில் எழுதினார்களே, அது மதராஸிலிருந்து பஸ் ஏறி இங்கேயும் வந்துவிட்டது. கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் செல்லப்பன் வைத்தியரிடம் நிலவேம்புக் கஷாயத்துக்குக் கூட்டம். கண்டக்டர்கள்கூட ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் விசில் ஊதினார்கள். வியாபாரிகள் சேர்ந்து எங்கள் பள்ளிக்கும் ஒரு சாக்கு நிலவேம்பு, சுக்கு, மிளகு எல்லாம் அனுப்பினார்கள். கூடவே வைத்தியரின் சீட்டு: ‘காலையில் வெறும் வயிற்றில், பிள்ளைக்கு அரை டம்ளர்.’

தலைமையாசிரியர் ராஜாராம் கண்டிப்பானவர். கசப்பு என்றால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று தெரிந்து ஓர் ஏற்பாடு செய்தார். பிரேயர் முடிந்ததும் குடிக்க வேண்டும். குடித்தவர் விரலில் சிவப்பு மையால் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால்தான் மத்தியானம் தட்டில் கோதுமை ரவை உப்புமா.

“ஓட்டுப் போட்டாச்சாடா?” என்று பையன்கள் கேட்டுக்கொள்வார்கள்.

“போட்டேன். அப்பறம் புளிய மரத்தடியில திருப்பி எடுத்துட்டேன்.”

வாந்தி விளையாட்டுக்குச் சொன்னதல்ல. மூன்றாம் வகுப்பு மீனம்பாள் முதல் நாள் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாளும் எடுத்தாள். மூன்றாம் நாள் பிரேயருக்கு வராமல், மத்தியானம் மட்டும் தட்டோடு வந்து வரிசையில் நின்றாள். மங்கையம்மாள் அவள் விரலைப் பார்த்தார்.

“இன்னாடி, பொட்டு எங்க?”

“குடிச்சா தல சுத்துது, சமையக்காரம்மா.”

வராண்டாவில் தலைமையாசிரியர் நின்றுகொண்டிருந்தார். மங்கையம்மாள் தூக்கிய கரண்டியை அண்டாவுக்குள்ளேயே விட்டார். மீனம்பாள் காலித் தட்டோடு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

சனிக்கிழமை மங்கையம்மாள் அவளைத் தேடிப் போனார். அவள் அம்மா கண்ணம்மாள் ஒரு கொல்லையில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

“உம் பொண்ணு ஏன் வர்ல?”

“வந்தா மட்டும் அள்ளிப் போட்டுடப் போறியா? தட்ட நீட்டுன புள்ளய வெரட்டி வுட்டவதான நீ?”

“ஊரே குடிக்குது கண்ணம்மா. நல்லதுக்குத்தான குடுக்கறோம்.”

“ஊரு ராத்திரி சாப்ட்டுட்டுப் படுக்குது. இவ முந்தின நாள் மத்தியானம் நீ போட்ட உப்புமாவோட காலைல வர்றா. அந்த வயித்துல கசாயத்த ஊத்துனா எங்க நிக்கும்?”

மங்கையம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குப் போனார்.

“வைத்தியரே, வெறும் வயிறுன்னா எத்தினி மணி நேரம்?”

“இன்னா கேள்வி இது? ராத்திரி சாப்ட்டுத் தூங்கி, எழுந்து பல்லு வெளக்குனா வெறும் வயிறு.”

“ராத்திரி சாப்புடாத புள்ளைக்கு?”

சுக்கு நிறுத்துக்கொண்டிருந்த செல்லப்பன் தராசைக் கீழே வைத்தார். “அத நான் யோசிக்கலம்மா,” என்றார். பிறகு வேறு சீட்டு எழுதினார்: ‘ஆகாரத்துக்குப் பின்.’

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அதை இரண்டு முறை படித்தார்.

“காலைல ஆகாரத்துக்கு நான் எங்கம்மா போவேன்? மத்தியானத்துக்குத்தான கவர்ன்மென்ட் குடுக்குது.”

“விடியக்கால வந்து கிண்டிடறேன் சார். காலைல ஆளுக்கு ஒரு கரண்டி, மிச்சம் மத்தியானம்.”

“யாராவது வந்து கேட்டா?”

“மருந்துக்குத் தொணைன்னு சொல்லுங்க. பெரிய வீட்டுப் புள்ளைங்களுக்குத் தேன்ல கொழச்சித் தர்றதில்லியா? இதுங்களுக்கு உப்புமா.”

அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலையிலேயே மங்கையம்மாள் பள்ளி அடுப்பை மூட்டினார்.

புதன்கிழமை மீனம்பாள் வந்தாள். ஒரு கரண்டி உப்புமாவைத் தின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு கஷாயத்தைக் குடித்தாள். எல்லாரும் புளிய மரத்தைப் பார்த்தார்கள். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. விரலை நீட்டினாள்.

கஷாயம் காய்ச்சலைத் தடுத்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எண்பத்திரண்டு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் படுத்தார்கள். இரண்டு வாத்தியார்களும் படுத்தார்கள். தினமும் குடித்த மங்கையம்மாளே நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. அந்த நான்கு நாளும் துரைராஜ்தான் வந்து அடுப்பு மூட்டினார். எல்லாரும் தேறிவிட்டார்கள். ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும்: மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள்.

மார்கழியில் காய்ச்சல் ஓய்ந்தது. பொங்கல் கழிந்ததும் நிலவேம்புச் சாக்கும் காலி. மங்கையம்மாள் காலை அடுப்பை நிறுத்தவில்லை. ஒரு கரண்டி உப்புமா போட்டார். பிறகு சுக்குத் துண்டைத் தட்டிப் போட்ட வெந்நீரைக் கஷாயம் என்று சொல்லி ஊற்றினார். மாசி மாதம் ஒரு நாள் தலைமையாசிரியர் அதில் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துப் பார்த்தார்.

“மங்கையம்மா, இதுல கசப்பே காணோமே?”

“காய்ச்சல் இன்னும் முழுசாப் போவல சார்.”

அவர் வரிசையைப் பார்த்தார். மீனம்பாள் தட்டோடு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்ப இன்னொரு பாட்டில் மை வாங்கணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.