என் பிள்ளையை என்னிடமிருந்து காத்தவர்

போன வருடம் ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகள் ஜெமிமாவைக் கையில் ஏந்திக்கொண்டு இதே சபையில் நின்று சாட்சி சொன்னேன். ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த எனக்குக் கர்த்தர் பிள்ளை கொடுத்தார் என்றேன். என் உள்ளம் சந்தோஷத்தால் நிரம்பியிருக்கிறது என்றேன். முதலில் சொன்னது உண்மை. இரண்டாவது பொய். என் உள்ளத்தில் அன்று சந்தோஷம் இல்லை. எதுவுமே இல்லை. அதை உங்கள் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மீதியை எழுத முடியும்.

என் பெயர் ஷீபா. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் ஸ்டீபனுக்கு இங்கே செகந்திராபாத்தில், மௌலா அலி பக்கத்தில் வேலை. ஸ்டாஃப் காலனியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். நான் சைனிக்புரியில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன்.

ஏப்ரலில் ஆபரேஷன் செய்து ஜெமிமாவை எடுத்தார்கள். நர்ஸ் அவளைத் துணியில் சுற்றி என் கன்னத்தருகே கொண்டுவந்தபோது, யாரோ ஒருவருடைய குழந்தையைப் பார்ப்பதுபோல் இருந்தது. மயக்க மருந்தினால் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருந்தது. பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், எல்லாம் நேரத்துக்குச் செய்தேன். அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதுகூடப் பெரிய வேலையாகத் தெரிந்தது. காரணம் இல்லாமல் கண்ணீர் வரும்.

உதவிக்கு வந்திருந்த என் அம்மா, "ஏளா, பிள்ள பெத்த எல்லாருக்கும் இப்படித்தான். போகப் போகச் சரியாயிரும்" என்றாள். எழுபது நாள் இருந்து பார்த்துக்கொண்டாள். பிறகு அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போக வேண்டி வந்தது. அதற்குமேல் காலை ஏழு மணிக்கு ஸ்டீபன் கம்பெனி பஸ் ஏறினால், மாலை வரை நானும் குழந்தையும்தான்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஆறு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் என் பெயரைச் சொல்லி நீங்கள் முழங்காலில் நின்றீர்கள். உங்களில் சிலர் எனக்காக உபவாசம் இருந்தீர்கள். அப்படிக் கேட்டு வாங்கிய பிள்ளையைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று நான் எந்த வாயால் சொல்வது? ஒரே ஒரு தடவை நம் சபை மேரி அக்காவிடம், "மனசே சரியில்லக்கா" என்றேன். "பிள்ளை இல்லாம எத்தனை பேர் அழுதுட்டிருக்காங்க. நன்றி சொல்லு ஷீபா" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். நானும் நன்றி சொன்னேன். வாய் மட்டும் சொன்னது. வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிந்தது, அர்த்தம் ஏறவில்லை. தேவன் என்னை விட்டுப் போய்விட்டார் என்று முடிவு செய்துகொண்டேன். நான் இல்லாமல் போனால் ஸ்டீபனும் குழந்தையும் நன்றாக இருப்பார்கள் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தது.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. மழை பெய்துகொண்டிருந்தது. காலை ஒன்பதிலிருந்து ஜெமிமா அழுதாள். பால் குடிக்கவில்லை, தோளில் போட்டாலும் நிற்கவில்லை. பதினோரு மணி இருக்கும். அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வைத்தேன். அப்போது ஓர் எண்ணம் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். தாய் நினைக்கக் கூடாத எண்ணம். நான் விரும்பி நினைத்ததல்ல, ஆனால் வந்தது. அவளைக் கொண்டுபோய்த் தொட்டிலில் போட்டேன். பால்கனிக் கதவைத் தாழ் போட்டேன். சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து ஜெபித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு நான் செய்த உண்மையான ஜெபம் அது. ஒரே வரிதான்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைய என்கிட்டேருந்து காப்பாத்தும்."

போன் அடித்தது.

உடனே அடித்தது என்று கூட்டிச் சொல்ல மாட்டேன். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகியிருக்கும். தெரியாத நம்பர். எடுத்தேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் ஆஸ்பத்திரியிலிருந்து ரோஸ்லின் சிஸ்டர் பேசினார். குடும்பம் நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருப்பதால் அவர் தமிழில் உருதும் கலந்து வரும்.

"ஜெமிமா அம்மாவா? நேத்து இஞ்செக்ஷனுக்கு நீங்க வரவே இல்ல. ஹவ், ஆமா, மழைதான், தெரியும். இன்னிக்குக் கூட்டிட்டு வர்றீங்களா?"

அழுகைதான் வந்தது.

"கைக்கு அழறீங்க? ஏம்மா அழறீங்க? பாப்பாக்கு என்ன ஆச்சு?"

"பாப்பாக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"பாப்பாவ ஏதாச்சும் பண்ணிடுவோமோன்னு பயமா இருக்கா?"

"ஆமா சிஸ்டர்."

"உங்களையே ஏதாச்சும் பண்ணிக்கணும்னு தோணுதா?"

"ஆமா."

அவர் பதறவில்லை. ஐயோ என்று சொல்லவில்லை. "நல்லதும்மா, சொல்லிட்டீங்க. போன வைக்க நக்கோ, வைக்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன். பக்கத்து வீட்ல யார் இருக்காங்க?"

எதிர் வீட்டில் சுஜாதா காரு இருந்தார். தெலுங்குக்காரர், அவர்கள் வழக்கப்படி மரியாதைக்குப் பெயரோடு காரு சேர்த்து அழைப்பேன்; வணக்கம் சொல்வதோடு சரி, அதற்குமேல் பழக்கமில்லை. போனைக் காதில் வைத்தபடியே போய் அவர் கதவைத் தட்டினேன். ரோஸ்லின் சிஸ்டர் போனிலேயே அவரிடம் தெலுங்கில் பேசினார். சுஜாதா காரு அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து ஜெமிமாவைத் தூக்கிக்கொண்டார். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தகவல் கேட்டு ஸ்டீபன் வந்து சேரும்வரை அந்தக் கையை விடவில்லை.

பிறகு ஒரு நாள் ரோஸ்லின் சிஸ்டர் சொன்னார். ஊசிக்கு வராதவர்கள் பட்டியலில் எனக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்களாம். ஒருவரும் போனை எடுக்கவில்லையாம். எடுத்திருந்தால் என் நம்பருக்கு வர மதியம் ஆகியிருக்குமாம். இதைக் கேட்டு நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. நான் யாருக்கு நன்றி சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

ஸ்டீபன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "மூணு நாள் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணுவோம் ஷீபா" என்றார். "ஜெபம் பண்ணிட்டேங்க. பதில்தான் போன்ல வந்துச்சு. சிஸ்டர் டாக்டர் பேர் சொல்லியிருக்காங்க. என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். அன்று மாலையே போனோம். ஊரிலிருந்து அம்மா, "மனநல டாக்டர்கிட்ட போனேன்னு யார்ட்டயும் சொல்லிராத" என்று போனில் அழுதாள்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. நிதானமாகக் கேட்டார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு இது, இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, சரியாகிவிடும் என்றார். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரையாகப் பார்த்து எழுதினார். வியாழக்கிழமைதோறும் கவுன்சிலரிடம் வந்து பேச வேண்டும். சில வாரங்களுக்குத் தனியாக இருக்கக் கூடாது. பிறகு ஸ்டீபன் பக்கம் திரும்பி, "தினமும் இவங்க தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கணும். அந்த நேரம் குழந்தை உங்க பொறுப்பு" என்று ஆங்கிலத்தில் சொல்லி, அதையும் என் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்.

தனியாக இருக்கக் கூடாது என்றால் யார் வந்து இருப்பது? ஸ்டீபன் பாஸ்டரிடம் போய் மறைக்காமல் சொன்னார். அடுத்த திங்கள் முதல் பகலில் ஒரு சகோதரி வீட்டுக்கு வந்தார், நாளுக்கு ஒருவராக. அது யார் யாரென்று உங்களுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமைக்கு மேரி அக்கா வந்தார். அன்று அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. துணிகளை மடித்து வைத்தார், ரசம் வைத்தார். போகும்போது வாசலில் நின்று, "அன்னிக்கு நீ சொன்னத நான் காதுல வாங்கலம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமைகளில் அதே ஆஸ்பத்திரி மாடியில், என்னைப்போன்ற புதுத் தாய்மாரும் அவர்கள் கணவன்மாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். கவுன்சிலர் நடத்துவார். நாங்களும் போனோம். அங்கே மௌலா அலி மலையடிவாரத்திலிருந்து வரும் ஓர் இஸ்லாமியத் தம்பி, இரட்டைக் குழந்தைகளின் அப்பா, ஒரு நாள் இந்தியில் பேசினார். ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது, வண்டியில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகிறேன் என்றார். அதைக் கேட்டு ஸ்டீபன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு தட்டுத் தடுமாறிச் சொன்னார். மே மாதத்திலிருந்து கூடுதல் ஷிப்ட் வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியிருக்கிறார். வீட்டில் என் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. கல்யாணமாகி ஏழு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். வீட்டுக்கு வரும் வழியில், "நீங்க என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீயும் சொல்லியிருக்கலாமே" என்றார். இருவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

எல்லாம் நேராகப் போய்விடவில்லை. செப்டம்பரில் உடம்பு தேறியதுபோல் இருந்ததும், இனி விசுவாசத்தினால் நடப்பேன் என்று யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். சில வாரங்களில் பழைய இருட்டு திரும்பி வந்தது. அதை விசுவாசம் என்று இன்று சொல்ல மாட்டேன், என் அவசரம் அது. வெட்கத்தோடு போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மருந்தைத் திரும்ப ஆரம்பித்தார். அதன்பின் தினமும் காலை மாத்திரையைக் கையில் வைத்து, சாப்பாட்டுக்குச் சொல்வதுபோல ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு விழுங்கினேன்.

எப்போது குணமானேன் என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் நவம்பரில் ஒரு நாள் ஜெமிமாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் பலமாக ஒரு தும்மல் போட்டாள். தும்மியது நான்தான் என்பதுபோல் என்னை முறைத்துப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். அடுத்த அறையிலிருந்து ஸ்டீபன் ஓடிவந்தார், என் சிரிப்புச் சத்தம் கேட்டு. குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். அவள் தலையில் எண்ணெய் வாசம் வந்தது. இவள் என் பிள்ளை என்று அன்று தெரிந்தது.

ஜெமிமாவுக்கு இப்போது ஒன்றரை வயது. ஜூனில் நான் பள்ளிக்குத் திரும்பினேன். டாக்டர் சொன்னபடி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இப்போது நிறுத்தியாயிற்று. அம்மாவே இப்போது ஊரில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "டாக்டர்ட்ட போளா, எம் மகளும் போனா" என்று சொல்கிறாளாம். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மாதம் ஒரு முறை போகிறேன், புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் உட்காருவதற்காக.

நான் ஜெபித்தபோது தேவன் வானத்தைத் திறக்கவில்லை. ஒரு நர்ஸ், ஒரு பக்கத்து வீட்டுக்காரி, ஒரு டாக்டர், ஒரு மாத்திரை, உங்கள் ரசம், என் கணவருடைய கண்ணீர், இவற்றையெல்லாம் அனுப்பினார். ஒன்றையும் வேண்டாமென்று சொல்லாதிருக்க எனக்குப் பெலன் கொடுத்தார். அவருக்கே மகிமை.

இதை வாசிக்கிற சகோதரிகளில் கைக்குழந்தையோடு இருக்கிறவர்கள் உண்டு. வெளியே சிரித்து உள்ளே ஒன்றும் இல்லாமல் இருக்கிறவர்கள் அவர்களில் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சகோதரர்களும் இருக்கலாம். ஜெபம் பண்ணுங்கள். நம்பி ஜெபம் பண்ணுங்கள், அவர் கேட்கிறார். எழுந்ததும் ஒரு மனிதரிடம் உண்மையைச் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள். யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் இடது பக்கப் படியில் ஜெமிமாவின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பேன். வந்து பேசுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்டால், நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.