ஸுஹைறாவின் அமையச் செலவு

ஸுஹைறாவின் வகுப்பறைக்குக் கூரை இல்லை. கல்முனைக்குடியில், கடலுக்கு இரண்டு வீதி தள்ளி, அவளுடைய உம்மாவின் வளவுக்குள் பாதியில் நின்றுபோன வீட்டின் முன்னறைதான் அது. நான்கு பக்கமும் பூசாத கல் சுவர், மேலே வானம். காலையில் கிழக்குச் சுவரின் நிழலில் பாய் விரித்து உட்காரும் பிள்ளைகள், வெயில் ஏற ஏறப் பாயை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். பத்தரை மணிக்கு நிழல் ஒரு முழமாகச் சுருங்கிவிடும். அத்தோடு பாடம் முடிந்தது.

1990 ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிப் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகுதான் வகுப்பு இங்கே வந்தது. அதற்கு முன் அவளும் அவளுடைய சிநேகிதியான நானும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவள் உயர்தர வகுப்புக்குப் பொருளியல், நான் ஆங்கிலம். திங்கட்கிழமைகளில் அவளுடைய பாடம் பேப்பரோடுதான் தொடங்கும். கொழும்பு ஆங்கிலப் பத்திரிகை ஒரு நாள் பிந்தி எங்கள் வீட்டுக்கு வரும். அதை வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை, அதற்குள் பொருளியலைத் தேடிப் பிடிப்பது அவளுடையது. பெர்லின் சுவர் உடைந்த கிழமை, ஒரே பாணுக்குச் சுவரின் அந்தப் பக்கம் ஒரு விலை, இந்தப் பக்கம் ஒரு விலை ஏன் என்று கேட்டு ஒரு மணித்தியாலம் வகுப்பைக் கட்டிப் போட்டாள். கேள்வி, நிரம்பல் என்று புத்தகத்தில் கிடந்த சொற்கள் அவள் வாயில் வந்தால் சந்தையில் சாமான் வாங்குகிறவனும் விற்கிறவனும் எழுந்து நின்று கதைப்பது போல இருக்கும்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே நிக்காஹ் என்றால் பெண்ணின் பெயரில் ஒரு வீடு நிற்க வேண்டும். ஸுஹைறாவின் வாப்பா அச்சிமுகம்மது மூத்த மகள் நதீராவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு மௌத்தாகிப் போனார். நதீராவின் புருசனும் அதிக நாள் இருக்கவில்லை, பிள்ளையும் இல்லை. தங்கச்சிக்கு வீடு கட்டுவது தன் கடமை என்று நதீரா எடுத்துக்கொண்டு 1988இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அவள் அனுப்பிய காசெல்லாம் சுவராகத்தான் எழும்பியது. நதீரா போய் எத்தனை மாதம் என்று தெரிய வேண்டுமானால் கல் வரிசையை எண்ணிப் பார்க்கலாம் என்று அக்கம்பக்கத்தார் பகிடி பண்ணுவார்கள். சம்மாந்துறை அரிசி ஆலையில் கணக்கெழுதும் முபாறக்கை ஸுஹைறாவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஓடு போட்டதும் நிக்காஹ்.

1990 மார்ச்சில் நதீராவின் இரண்டு வருச ஒப்பந்தம் முடிந்தது. அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டுக்காரி இன்னும் நிற்கச் சொல்கிறாள், எனக்குக் கை கால் எல்லாம் உளைகிறது, வந்துவிடத்தான் மனம் சொல்கிறது, நீ படித்தவள், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருந்தாள்.

ஸுஹைறா இரண்டு நாள் யோசித்தாள். ரூபாயின் மதிப்பு இன்னும் இறங்கக்கூடும் என்று ஒரு கட்டுரை அந்தக் கிழமைப் பேப்பரில் வந்திருந்தது. அதை வரி வரியாகத் தமிழில் சொன்னவள் நான். அதை வைத்து அவள் பதில் எழுதினாள்: டினாருக்கு ரூபாய் ஏறிக்கொண்டு போகிறது, செப்டெம்பர் வரைக்கும் நின்றால் ஓட்டுக் காசு முழுதாகச் சேர்ந்துவிடும். ஒன்றை எடுத்தால் அதற்காக நாம் கைவிடுகிற மற்றதுதான் அமையச் செலவு, நீ இப்ப வந்தால் அதற்கு ஒரு கூரையைக் கைவிட வேண்டி வரும் என்று ராத்தா நதீராவுக்குப் பாடமே நடத்தியிருந்தாள். அனுப்பு முன் எனக்குக் காட்டினாள். நல்லா எழுதியிருக்கிறாய் என்று சொன்னேன். நதீரா வர விரும்பியதையும் இந்தப் பதிலையும் அவர்களுடைய உம்மாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. சபியா உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

ஓகஸ்ட் இரண்டாந் திகதி வியாழக்கிழமை. கரண்ட் இல்லாத நாட்கள். ரேடியோ பற்றரிகளைப் பகலில் வெயிலில் காயவைத்து, பின்னேரம் ஒரு அரை மணித்தியாலம் கேட்போம். ஈராக்கின் படை குவைத்துக்குள் போய்விட்டது என்று லண்டன் தமிழ்ச் செய்தி சொன்னது. சபியா உம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா.

“குவைத்து எண்டா சொன்னான்?”

பாக்குவெட்டி நின்றுவிட்டது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்து சேர்ந்ததோடு எங்கள் தெருக்களில் வெளிச்சத்திலும் ஆள் நடமாட்டம் இல்லாமல் போயிற்று. பக்கத்துக் காரைதீவில் தமிழ்ச் சனங்களும் வேறொரு பயத்தில் வீடுகளை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கத்துச் சத்தம் யாருக்கு என்று தெரியாது. வாசலில் ஒரு சைக்கிள் மணி அடித்தால் போதும், குசினிக்குள் ஓடி நிற்போம். அந்தப் பயத்துக்குள்ளேதான் கடலுக்கு அப்பாலிருந்த மற்றப் பயமும் சேர்ந்துகொண்டது.

ஒரு கிழமைக்குப் பிறகு வகுப்புக்கு ஏழு பிள்ளைகள் வந்தார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடப்பதை விட இது பரவாயில்லை என்று தாய்மார் அனுப்பியிருந்தார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேருடைய உம்மாமாரும் குவைத்தில். ஸுஹைறா வழக்கம் போலத்தான் தொடங்கினாள். சுவரில் சோக்கால் கோடு கீறி, குவைத் எண்ணெய் சந்தைக்கு வராவிட்டால் நிரம்பல் குறையும், விலை ஏறும், அது நம்முடைய மண்ணெண்ணெய்ப் போத்தல் வரைக்கும் வரும் என்று சொன்னாள். ஓரத்தில் இருந்த ஒரு பிள்ளை கையைத் தூக்கியது.

“டீச்சர், உம்மாக்கு அங்க சாப்பாடு கிடைக்குமா எண்டு இதுல தெரியுமா?”

ஸுஹைறா சுவரைப் பார்த்தாள். பிறகு முக்காட்டுத் தலைப்பால் அந்தக் கோட்டை அழித்தாள். நிழல் இன்னும் நிறைய இருந்தது, பாடம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் போனபின் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: “வாறன் எண்டவள நான்தான் நிக்கச் சொன்னன்.”

பேப்பரை வாசித்துச் சொன்னது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு பாய்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

அதன் பிறகு செய்தி கேட்பது ஒரு தண்டனையாகிவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் சபியா உம்மா ரேடியோவுக்கு முன் வந்து உட்காருவா. செய்தி முடிந்ததும் எங்கள் முகத்தைப் பார்ப்பா. வங்கிகள் மூடிவிட்டன, பாணுக்கு வரிசை நிற்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னார்கள். குவைத் டினார் இனிச் செல்லாது என்று ஈராக் அறிவித்தது. ஆசிய நாட்டு வேலைக்காரர் ஆயிரக்கணக்கில் பாலைவனம் கடந்து ஜோர்தான் எல்லையில் கூடாரங்களில் கிடக்கிறார்கள், குடிதண்ணீர் போதாது என்று இன்னொரு நாள். பொருளியல் புத்தகத்தின் முதலாம் அத்தியாயத்தின் பெயர் ‘அருமை’. தேவைக்கு வளம் போதாமல் இருப்பது. அதற்குத் தண்ணீரைத்தான் ஸுஹைறா எப்போதும் உதாரணம் சொல்வாள். அன்றைக்கு அவள் செய்தி முடியுமுன்பே ரேடியோவை மூடிவிட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் படிச்ச புள்ளையள்,” என்றா சபியா உம்மா. “அவன்ட எண்ணெய் எனக்கு வேணாம். என்ட மகள் வருவாளா, வரமாட்டாளா? அதச் சொல்லுங்க.”

நான் ரேடியோவிலிருந்து பற்றரிகளைக் கழற்றி எடுத்தேன்.

ஸுஹைறா சாப்பிடுவதைக் குறைத்தாள். தபால்காரர் வந்தால் உள்ளே ஓடினாள், வராவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தாவுக்கு ஏதும் ஆகியிருந்தால் அவளுடைய சாமான்களோடு அந்தக் கடிதமும் திரும்பி வரும், யாராவது அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிடுவார்கள் என்பது அவளுடைய நித்திரையைத் தின்ற எண்ணம். அப்படியே செப்டெம்பர் முடிந்தது. ஓட்டுக் காசு முழுதாகச் சேரும் என்று அவள் கணக்குப் போட்டிருந்த மாதம்.

ஒக்டோபர் நடுவில் ஒரு பகல் அம்பாறைப் பக்கத்தால் வந்த வான் ஒன்று ஒழுங்கை முனையில் நின்றது. அதிலிருந்து நதீரா இறங்கினாள். முகம் கருகியிருந்தது. தோளில் ஜோர்தான் முகாமில் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளி, கையில் ஒரு பொலித்தீன் பை. சபியா உம்மா கத்தவில்லை, அழவில்லை. மகளுடைய இரண்டு கையையும் பிடித்து விரல்களை எண்ணுவது போலத் தடவிப் பார்த்தா.

பாவாடை ஓரத்தை அவிழ்த்து நதீரா எடுத்த டினார்த் தாள்கள் வியர்வையில் மெத்தென்றாகிப் போயிருந்தன. ஸுஹைறாவும் நானும் அவற்றை ஒரு வங்கிக்குக் கொண்டுபோனோம். காசாளர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. ஏற்பார் இருந்தால்தான் பணம் பணம் என்று ஸுஹைறா வருசா வருசம் படிப்பித்தவள். அந்தத் தாள்களை மடித்துத் திரும்பக் கைப்பைக்குள் வைக்க அவளுக்கு வெகுநேரம் எடுத்தது.

கிணற்றடியில் ராத்தாவுக்குத் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்போது ஸுஹைறா கடிதத்தைப் பற்றிக் கேட்டாளாம். நதீரா கோபப்படவில்லை. அந்தக் கடிதம் பையில் இருக்கிறது என்றாள்.

“ஒரு பொழுதும் எறியல்ல. என்ன அழகா எழுதியிருந்தாய்! அங்க பக்கத்து வீட்டுல வேலைக்கு நிண்ட நிந்தவூர்ப் புள்ளையள் ரெண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டினன். அவளுகளும் ஊருக்கு வர இருந்தவளுகள். டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும் எண்டு அவளுகளும் நிண்டிட்டாளுகள்.”

இதை ஸுஹைறா பிறகு என்னிடம் சொன்னாள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நதீராவோடு வந்துவிட்டாள். மற்றவள் டிசம்பரில் வந்து சேரும் வரைக்கும் ஸுஹைறா நிந்தவூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறவே இல்லை.

அடுத்த வருசம் அங்கே சண்டை முடிந்து குவைத் திரும்பத் திறந்தது. ஏஜென்ட் ஒருவர் வீடு வீடாக வந்தார். அங்கே ஆள் தட்டுப்பாடு, சம்பளம் கூட என்றார். பழைய டினார்த் தாள்களை அங்கே புதிதுக்கு மாற்றிக் கொடுக்கிறார்களாம், ஆனால் தவணை இருக்கிறதாம், முடிவதற்குள் போய்விட வேண்டும் என்றார். இங்கே வெறும் கடதாசி, அங்கே ஓட்டுக்கும் மேலே காசு. முபாறக்கின் உம்மா ஓடு போடாத வீட்டுக்கு மகனை அனுப்ப மாட்டேன் என்று அந்த மாதம்தான் சொல்லி அனுப்பியிருந்தா.

நதீரா பாஸ்போட்டைக் கொண்டுவந்து கூரையில்லாத அறையில் தங்கச்சிக்கு முன்னால் வைத்தாள். நானும் இருந்தேன்.

“கணக்குப் போட்டுச் சொல்லு புள்ள. போகவா, இரிக்கவா? நீ சொன்னாப் போறன்.”

கணக்கு எல்லாம் ஒரே பக்கத்தில்தான் நின்றது. அது எனக்கே தெரிந்தது. அன்றைய பேப்பரும் என் மடியில் இருந்தது, நான் அதை விரிக்கவில்லை. ஸுஹைறா பாஸ்போட்டை எடுத்துத் தன் பக்கமாக வைத்துக்கொண்டாள்.

“இதுல கணக்கு ஒண்டும் இல்ல ராத்தா. எனக்குப் பயமா இரிக்கி. போகாத.”

“அப்ப ஓடு?”

“கிடுகு போடுவம்.”

“மாப்பிள்ள வரல்லண்டா?”

“வரல்லண்டா வரல்ல.”

அப்படியேதான் மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள்: தென்னோலைக் கிடுகுக் கூரைதான், விருப்பம் என்றால் வரலாம், இல்லையென்றால் பேசி வைத்ததை விட்டுவிடலாம். ஒரு மாதம் சத்தமே இல்லை. சபியா உம்மா இளைய மகளோடு கதைப்பதை நிறுத்தினா. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலை, ஆலை ட்ரக்டர் ஒன்று பெட்டி நிறையக் கிடுகோடு ஒழுங்கைக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முபாறக். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார்.

“லீவு ரெண்டு நாள்தான். ஏணி இரிக்கா மாமி?”

நவம்பர் மழைக்குள் நிக்காஹ் நடந்தது. அந்த முன்னறையில் மூன்று இடத்தில் ஒழுகியது. நதீரா ஒழுக்குக்குக் கீழே பேசின் வைத்துக்கொண்டு திரிந்தாள், இடி இடிக்கும் போதெல்லாம் அப்படியே கீழே குந்திக்கொண்டாள்.

நான் இப்போது குளிர் நாடொன்றில் இருக்கிறேன். ஊரிலிருந்து கடிதம் வந்தால் உடனே உடைக்கக் கை வராது. போன வருசம் தாய்லாந்தின் காசு விழுந்த செய்தி இங்கே எல்லாப் பேப்பரிலும் வந்த நாட்களில் நதீரா ராத்தாவின் கடிதம் வந்தது. ஸுஹைறா அந்தச் செய்தியை வகுப்புக்குச் சொல்லும்போது பழைய டினார்த் தாள் ஒன்றை எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தாளாம். தாள் பாய் பாயாகக் கைமாறிப் போனதாம். தவணைக்குள் அதை ஏன் மாற்றவில்லை டீச்சர் என்று ஒரு பிள்ளை கேட்டதாம். குசினிக்குள் மீன் கழுவிக்கொண்டிருந்த ராத்தா கையை நிறுத்திக் காது கொடுத்திருக்கிறாள்.

“அதுக்கு அங்க ஆள் அனுப்பணும் எண்டாங்க,” என்றாளாம் ஸுஹைறா. “அனுப்பல்ல.”